மறுகா பார்ப்பம்

அம்மாவின் முப்பத்தொன்று முடிந்த அடுத்த கிழமை அவருடைய அலுமாரியைத் துப்புரவு செய்தோம். சேலைகளைத் தங்கச்சி எடுத்து உதறி மடித்தாள். அடித்தட்டு என் பங்கு. பூச்சியுருண்டை மணம் இன்னும் போகவில்லை. தட்டில் விரித்திருந்த பேப்பர் பலகையோடு ஒட்டிக் கிடந்தது. ஓரத்தில் நகம் வைத்தால் பொடியாக உதிர்ந்தது. மொட்டைக் கத்தி ஒன்றை அடியில் விட்டுக் கால் மணித்தியாலம் மினக்கெட்டு முழுத்தாளையும் எடுத்துவிட்டேன்.

உட்பக்கத் தாள் ஒன்று. அதில் ஒரு மரண அறிவித்தல். படம் இருந்த இடத்தைப் பூச்சி தின்றிருந்தது. ஆசிரிய இடமாற்றம் பற்றி அரைப்பத்தி. நெல்லுக்கு விலையில்லை என்று ஒரு செய்தி. சாதாரண தர மாணவருக்குக் கணித வகுப்பு என்று ஒரு விளம்பரம். அதற்குக் கீழே கட்டம் போட்டு, ‘தினக்கதிரில் விளம்பரம் செய்யுங்கள்’. எந்தப் பத்திரிகை என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். தாளின் மேல்விளிம்பு இல்லை. பெயரும் திகதியும் அச்சாகும் அந்த இரண்டு விரல் அகலத்தைக் கத்தரிக்கோலால் நேராக வெட்டியிருந்தார்கள். தட்டைவிடப் பேப்பர் நீளம்.

வெட்டியது யாரென்று தங்கச்சியைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. சித்திரை வருடப்பிறப்புக்கு முன் அலுமாரிகளுக்குப் பேப்பர் மாற்றுவது அந்த வீட்டில் எப்போதும் என் வேலை.

2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் மட்டக்களப்பிலிருந்தே தினக்கதிர் என்று ஒரு நாளிதழ் வந்தது. இன்று இருபத்தைந்து வயதாகும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால், இணையத்தளமா என்று கேட்கிறார்கள். அவர்களில் பிழையில்லை. காட்டுவதற்கு நம்மிடம் ஒன்றுமில்லை. நான் வைத்திருப்பது திகதி இல்லாத ஒரு தாள். அதுவும் தற்செயலாகத் தப்பியது.

இந்தக் கட்டுரையில் ‘நாம்’ என்று எழுதுகிறேன். ‘நாங்கள்’ என்று எழுதினால் வாசிக்கிறவர் தப்பிவிடுவார். புளியந்தீவிலும் கல்லடியிலும் ஆரையம்பதியிலும் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் களுவாஞ்சிகுடியிலும் இருந்து வாசித்தவர்கள், பிறகு லண்டனுக்கும் சூரிச்சுக்கும் ரொறன்ரோவுக்கும் போனவர்கள், எல்லாரும் இந்த ‘நாம்’ என்ற சொல்லுக்குள் அடங்குகிறோம். என்னைத்தான் முதலில் நிறுத்துகிறேன்.

தினக்கதிருக்கு முன்பும் பின்பும் நம் ஊருக்குப் பேப்பர் என்றால் அது கொழும்பிலிருந்து வருவது. வீரகேசரி, தினகரன், பிறகு தினக்குரல். இரவிரவாகப் பயணம் செய்து காலையில் கட்டுக் கட்டாக வந்து இறங்கும். வீதித் தடைகள் இருந்த காலத்தில் மத்தியானம் வந்ததும் உண்டு, மறுநாள் வந்ததும் உண்டு. அந்தக் கட்டைப் பிரித்தால் நம் மாவட்டத்துக்கு ஒரு மூலை இருக்கும். யாராவது செத்தால் கொஞ்சம் பெரிய மூலை, பலர் செத்தால் முதல் பக்கம். மண்முனையில் பாதை ஓடவில்லை என்பது கொழும்புக்கு ஒருநாளும் செய்தியாக இருந்ததில்லை. (பாதை என்று நாம் சொல்வது ஆளையும் சைக்கிளையும் வாகனத்தையும் ஏற்றி வாவியைக் கடக்கிற மிதவை. வெளியூர் வாசகர் ரோட்டு என்று நினைத்துவிடக் கூடாது.) பாதை ஓடாத நாளில் வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்து பாலும் மரக்கறியும் கிழக்கே எழுவான்கரைக்கு வராது, பெரியாஸ்பத்திரிக்கு நோயாளி வந்து சேரமுடியாது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அதுதான் நிலை. பாலம் திறந்தபோது எல்லாப் பேப்பரிலும் படம் வந்தது. அதற்கு முன் எத்தனை நாள் பாதை ஓடவில்லை, அந்த நாட்களில் கரையில் யார் காத்து நின்றார்கள் என்பதை எழுதுவதற்குத்தான் ஓர் ஊர்ப் பேப்பர் வேண்டும்.

அது கிடைத்தது. கிடைத்தபோது நாம் என்ன செய்தோம்?

இந்தக் கேள்விக்கு நம்மிடம் ஆயத்தமாக ஒரு பதில் இருக்கிறது: துவக்கு. பத்திரிகையைத் துவக்குத்தான் கொன்றது என்போம். பொய் என்று ஒருவரும் சொல்லமுடியாது. தினக்கதிர் அலுவலகம் தாக்கப்பட்டது. 2004 மே 31 காலை, வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஐயாத்துரை நடேசன் மட்டக்களப்பு நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். வடமராட்சி நெல்லியடியிலிருந்து வந்து நம் ஊரில் வாழ்ந்து, ‘நெல்லை நடேசன்’ என்று வீரகேசரியில் எழுதியவர். 2005 ஏப்ரல் 28 இரவு மட்டக்களப்பில் பிறந்த தர்மரட்ணம் சிவராமைக் கொழும்பு பம்பலப்பிட்டியில் வைத்துக் கடத்தினார்கள். மறுநாள் காலை நாடாளுமன்றத்துக்குக் கிட்ட உடல் கிடந்தது. இரண்டு கொலைகளுக்கும் இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. கொழும்பிலிருந்து வந்த பேப்பர்க் கட்டுகளையே வழிமறித்து எரித்த நாட்களும் அந்த வருடங்களில் இருந்தன. எந்தத் துவக்கு எந்தப் பக்கத்துத் துவக்கு என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு கணக்கு இருக்கிறது. அதை இங்கே அவிழ்க்கப் போவதில்லை.

ஆனால் துவக்குக்கு முன்பே ஒரு கொப்பி இருந்தது. அதைப் பற்றி நாம் பேசுவதில்லை.

எங்கள் சந்தியில் பேப்பர்க்கடை வைத்திருந்த மாமாவின் கடன் கொப்பி அது. நீளமான கணக்குக் கொப்பி, நடுவில் சணல் நூல் கட்டி ஒரு குட்டிப் பென்சில் தொங்கும். என் பெயர் அதில் ஒரு பக்கத்தில் இருந்தது. கொழும்புப் பேப்பரை நான் மாதக் கணக்கில் எடுப்பேன்; சம்பளம் வந்த கையோடு தீர்த்துவிடுவேன். வாத்தியார் கடன் வைக்கக் கூடாது என்று ஒரு மானம். தினக்கதிர் வரத் தொடங்கியபோது மாமா அதையும் எடுத்து நீட்டினார்.

“மனே, நம்மட ஊர்ப் பேப்பர். ஒண்டு போடட்டா?”

“மறுகா எடுப்பம் மாமா.”

மறுகா என்பது மட்டக்களப்பில் பிறந்தவர்கள் வாயில் நாளைக்கு நூறு தரம் வருகிற சொல். பிறகு என்றும் பொருள், அடுத்தது என்ன என்றும் பொருள். கதை சொல்கிறவரை ‘மறுகா?’ என்று கேட்டுத் தூண்டலாம்; கேட்டு வந்தவரை ‘மறுகா பார்ப்பம்’ என்று சொல்லி அனுப்பியும் விடலாம். நல்ல சொல். அதை நான் இரண்டாவது வழியில் பாவித்தேன்.

வாங்கவில்லையே தவிர வாசித்தேன். கடை வாங்கில் இருந்து தேத்தண்ணி குடிக்கிற நேரத்துக்குள் எல்லாப் பக்கமும் முடியும். மரண அறிவித்தலை முதலில் பார்ப்பேன், பிறகு இடமாற்றம், பிறகு கூத்து அரங்கேற்றம் எங்கே என்று. வாசித்துவிட்டு மடித்து வைத்துவிட்டு வருவேன். எனக்குப் பிறகு அதே தாளை ஏழெட்டுப் பேர் வாசிப்பார்கள். பின்னேரம் அது கசங்கி, விற்க முடியாத பேப்பராக மாமாவிடமே திரும்பிப் போகும். சந்திக்குச் சந்தி இப்படித்தான் நடந்தது என்று இப்போது வயதானவர்களிடம் கேட்டால் சிரித்துக்கொண்டு ஒப்புக்கொள்கிறார்கள். கடை பூட்டிப் பல வருடத்துக்குப் பிறகு மாமாவை மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தத்தில் கண்டேன். பழைய கதை கதைத்தோம். அவர் கோபமில்லாமல் சொன்னார்: “நீங்க எல்லாரும் வாசிச்சிங்க மனே. வாங்கல்ல.”

சின்னப் பத்திரிகை விற்பனைக் காசில் வாழ்வதில்லை என்று தெரிந்தவர்கள் சொல்வார்கள். உண்மைதான், விளம்பரத்தில்தான் வாழ்கிறது. அதிலும் நம் கணக்கு நன்றாக இல்லை. நான் செயலாளராக இருந்த ஒரு சங்கம் ஆண்டுவிழாவுக்கு அரைப்பக்க வாழ்த்து விளம்பரம் கொடுக்கத் தீர்மானித்தது. எந்தப் பத்திரிகைக்கு என்று கேள்வியே எழவில்லை, கொழும்புப் பத்திரிகைக்கு. “ஊர்ப் பேப்பரில் போட்டால் ஊரில்தானே தெரியும்” என்று ஒருவர் சொன்னார். விழா ஊரில்தான் நடந்தது. வருகிறவர்களும் ஊர்க்காரர்கள்தான். கூட்ட அறிக்கையை எழுதியவன் நான். அந்த வசனத்தில் உள்ள பகிடி அப்போது எனக்கு விளங்கவில்லை. போர்நிறுத்தக் காலத்தில் நகரத்தில் தொண்டு நிறுவனங்களின் புதுப்புதுக் கந்தோர்கள் திறந்தன. வெள்ளை வாகனங்கள் ஓடின. அந்த நிறுவனங்களின் கேள்வி அறிவித்தல்களையும் வேலை விளம்பரங்களையும் நாம் கொழும்புப் பேப்பரில்தான் தேடி வாசித்தோம். இது நம்மூரில் வந்தால் என்ன என்று அந்தக் கந்தோர்களில் வேலை செய்த நம் பிள்ளைகளும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை.

என் கணக்கில் இன்னும் ஒன்று கிடக்கிறது. தினக்கதிருக்குக் கவிதை அனுப்பினேன். போட்டார்கள். போட்ட அன்று மூன்று பிரதி எடுத்துக்கொண்டு ஒன்றுக்குத்தான் காசு கொடுத்தேன்; மற்ற இரண்டும் ‘எழுத்தாளர் பிரதி’ என்று நானே முடிவு செய்துகொண்டேன். அடுத்த கவிதை வர ஒரு மாதம் பிந்தியது. ஊர்ப் பத்திரிகைக்குத் தரம் போதாது என்று நண்பர்களிடம் கதைத்துத் திரிந்தேன். அந்தக் கவிதையை நான் வெட்டி ஒட்டி வைத்திருக்கிறேன். அதன் பின்பக்கம் என்ன செய்தி இருந்தது என்று பசையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பார்க்கலாமா என்று இப்போது யோசிக்கிறேன்.

ஊரில் எழுதுகிறவர்களை நாம் நடத்திய விதத்தையும் சொல்லவேண்டும். மாவட்ட நிருபர்கள் பெரும்பாலும் வேறு உத்தியோகம் பார்த்தவர்கள். வாத்திமார், கச்சேரி எழுதுவினைஞர்கள், கடைக்காரர். செய்திக்கு இவ்வளவு என்று வருகிற சில்லறை பஸ் காசுக்கும் போதாது. கலியாண வீட்டில், கோயில் கூட்டத்தில், பாடசாலை விளையாட்டுப் போட்டியில் நாம் அவர்களைப் பிடித்து, “பெயரை மறக்காமல் போடு” என்போம். ஆபத்தான செய்தி எழுதிவிட்டு அவர்கள் வீட்டுக்கு ஆட்கள் வந்துபோன கிழமை அதே வாயால், “உனக்கேன் மனே இந்த வேலை” என்போம். அன்பினால்தான் சொன்னோம். ஆனால் அந்த அன்பில் கதவை அடைக்கிற சத்தமும் இருந்தது. அலுவலகம் தாக்கப்பட்டதற்குப் பிறகு அந்த வீதியால் போகவேண்டிய சைக்கிளை நான் அடுத்த வீதியால் திருப்பினேன். ஒரு கிழமைக்கல்ல, வருடக்கணக்கில்.

ஒவ்வொரு மே 31இலும் காந்திப் பூங்காவில் நடேசனை நினைவுகூருகிறார்கள். நானும் போய்ச் சுடர் ஏற்றியிருக்கிறேன். ஒரு வருடம் திரும்பி வரும்போது ஒரு பையன், உயர்தரம் படிக்கிறவன், “சேர், அவர் எழுதினதில எது நல்லம்?” என்று கேட்டான். நான் வாயைத் திறந்தேன். தலைப்பு ஒன்றும் வரவில்லை. அவர் கிழக்கின் அரசியலை எழுதினார், மக்கள் துயரத்தை எழுதினார் என்று ஏதோ மழுப்பினேன். கொல்லப்பட்ட திகதி எனக்கு மனப்பாடம். எழுதிய கட்டுரை ஒன்றின் பெயர் தெரியாது. என்னைப்போல் எத்தனைபேர் அந்தப் பூங்காவில் நின்றார்கள் என்று எண்ணிப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

மே 31 வேறொன்றுக்கும் நினைவு நாள். 1981இல் அந்த இரவிலும் அடுத்த நாட்களிலும்தான் யாழ்ப்பாணம் எரிந்தது. நூலகத்தில் 97,000 நூல்கள் போயின, ஈழநாடு பத்திரிகையின் பணிமனையும் எரிக்கப்பட்டது. நாற்பது வருடத்துக்கு மேலாக அதற்காக அழுகிறோம், அழத்தான் வேண்டும். ஆனால் கண் துடைக்கிற அதே கையால் நம் வீட்டில் வடை சுற்றினோம், அலுமாரிக்கு விரித்தோம், முற்றத்தில் குப்பையோடு கூட்டிக் கொளுத்தினோம். நம்முடைய பத்திரிகைகளை எரிக்க ஒருவரும் பஸ் ஏறி வரவேண்டியிருக்கவில்லை.

நியாயத்தையும் சொல்கிறேன். 1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளி நம் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளின் கூரையைத் தூக்கிக்கொண்டு போனது. கூரை போன வீட்டில் கடதாசி எப்படி மிஞ்சும்? 1990இல் போருக்குப் பயந்து உடுத்த உடுப்போடு ஓடிய குடும்பங்கள் எத்தனை. 2004 டிசம்பர் 26 கல்லடி, நாவலடி, திருச்செந்தூர்ப் பக்கத்தில் கடல் எடுத்த வீடுகளில் என்ன புத்தகம், என்ன கொப்பி இருந்தது என்று கேட்கவே கூச்சமாக இருக்கும். அவர்களிடம் இந்தக் கட்டுரை கணக்குக் கேட்கவில்லை. கூரை தப்பிய வீடுகளிடம்தான் கேட்கிறேன். எங்கள் வீட்டுக் கூரை தப்பியது.

இந்த அலட்சியம் தினக்கதிரோடு தொடங்கியதுமில்லை. வில்லியம் ஓல்ட் பாதிரியார் வந்து பள்ளிக்கூடம் தொடங்கிய 1814இலிருந்து எழுதப் படிக்கத் தெரிந்த ஊர் என்று பெருமை பேசுகிறோம். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தருக்குச் சிலை வைத்திருக்கிறோம். யாழ்நூல் என்றால் சின்னப்பிள்ளையும் சொல்லும். அவர் ‘இராமகிருஷ்ண விஜயம்’, ‘பிரபுத்த பாரத’ ஆகிய இதழ்களுக்கு ஆசிரியராக இருந்து மெய்ப்புத் திருத்திய ஒரு பத்திரிகைக்காரர் என்பது அந்தச் சிலைகளில் எங்காவது எழுதியிருக்கிறதா? பார்த்தவர்கள் எனக்குச் சொல்லுங்கள். நம் மண்ணின் எஸ்.டி. சிவநாயகம் சுதந்திரனை நடத்தினார்; 1966இல் தினபதி தொடங்கியபோது அதன் ஆசிரியரானார். நாடறிந்த பத்திரிகையாசிரியர், ஆனால் கொழும்பில். எழுதத் தெரிந்தவர்களை ரயில் ஏற்றி அனுப்பிவிட்டு அவர்கள் எழுதியதை மறுநாள் ரயிலில் எதிர்பார்த்து நிற்பது நமக்குப் பழகிப்போயிற்று.

வீ.சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ 1964இல் வந்தது. நம் கூத்தையும் குளிர்த்தியையும் வாவியையும் வயல்மொழியையும் ஒன்றாக எழுதிவைத்த நூல் அது. அதை வெளியிட்டது மட்டக்களப்பார் இல்லை. யாழ்ப்பாணத்துக் குரும்பசிட்டியில் பிறந்து 1930இல் ஈழகேசரியைத் தொடங்கிய பொன்னையாவின் பெயரால் அமைந்த நினைவு வெளியீட்டு மன்றம். அதே குரும்பசிட்டியில் பிறந்த இன்னொருவர் இரா. கனகரத்தினம், வாழ்நாள் முழுவதும் பத்திரிகைகளை வெட்டி, வகைப்படுத்தி, கோவை கோவையாகச் சேர்த்தவர். ஒரு சின்ன ஊர் இரண்டு பேரைக் கொடுத்தது. இந்தியாவில் கோட்டையூர் ரோஜா முத்தையா பெயர்ப்பலகை எழுதிச் சம்பாதித்த காசில் பழைய புத்தகமும் சஞ்சிகையும் வாங்கிக் குவித்தார். அவர் சேர்த்தவை இன்று சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகம். யாழ்ப்பாணத்தார் நம்மை மதிப்பதில்லை என்று குறைசொல்வதில் நமக்கு ஒரு சுகம் இருக்கிறது, எனக்கும் இருந்தது. குரும்பசிட்டியின் இந்தக் கணக்கைப் பார்த்தபிறகு அந்தச் சுகம் கொஞ்சம் கெட்டுவிட்டது.

சஞ்சிகைகள் நம்மிடம் வந்தன, வருகின்றன. 1970இல் அன்புமணி ‘மலர்’ நடத்தினார். கத்தோலிக்கத் திருச்சபையின் ‘தொண்டன்’ நீண்ட காலம் வந்தது. பின்னாளில் செங்கதிரோனின் ‘செங்கதிர்’, மைக்கல் கொலினின் ‘மகுடம்’. சொந்தக் காசில், ஒருவரே ஆசிரியரும் மெய்ப்புப் பார்ப்பவரும் தபால்காரருமாக ஓடி ஓடிச் செய்தவை. வெளியீட்டு விழாவுக்குப் போய் முதல் பிரதி, சிறப்புப் பிரதி என்று வரிசையில் நின்று வாங்குகிறோம். படம் எடுத்தபின் அடுத்த இதழ் வந்ததா என்று கேட்பதில்லை. சந்தா முடிந்தது என்று அஞ்சலட்டை வந்தால் அதற்கும் பதில், மறுகா பார்ப்பம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. முஸ்லிம்களின் ஊரான காத்தான்குடியிலிருந்து ‘வார உரைகல்’ என்று ஒரு வாரப் பத்திரிகை வந்தது. சொந்த ஊர்ப் பெரியவர்களையே துணிந்து கேள்வி கேட்டதற்காக அடிவாங்கிய பத்திரிகை. என் வீட்டிலிருந்து காத்தான்குடிக்கு சைக்கிள் மிதிக்கிற தூரம். ஒரு இதழைக்கூட நான் கையால் தொட்டதில்லை. அங்கே அடித்தபோது அது ‘அவர்களுடைய’ பிரச்சினை; நம் பத்திரிகைக்கு அடித்தபோது அது அவர்களுக்கு ‘இவர்களுடைய’ பிரச்சினை. 56 கிலோமீற்றர் நீளமான ஒரே வாவியின் கரையில் இருந்துகொண்டு தமிழர் தமிழரின் சாவுச் செய்தியையும் முஸ்லிம்கள் முஸ்லிம்களின் சாவுச் செய்தியையும் வாசித்தோம். 1990 ஆகஸ்ட் 3 காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைக் கொன்றார்கள். செப்டெம்பர் 9 சத்துருக்கொண்டானில் தமிழர்களைக் கொன்றார்கள். இரண்டையும் ஒரே தாளில் அடுத்தடுத்த பத்தியில் வாசிக்கிற ஒரு பேப்பர் நமக்கு இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று தெரியாது. அப்படி ஒன்றை நாம் விரும்பவுமில்லை என்பது தெரியும்.

மூன்று நான்கு வருடத்துக்கு முன் ஒரு பல்கலைக்கழக மாணவி வந்தார். ஆய்வுக்குத் தினக்கதிர் பிரதிகள் வேண்டும். “சேர், ஒரு மாதப் பிரதி கிடைச்சாலும் போதும்.” பெருமையோடு நாலு வீட்டு முகவரி எழுதிக் கொடுத்தேன், ஊரில் படித்த மனிதர்கள் என்று நான் நினைத்த நாலு பேர். முதல் வீட்டில் போன வருடம்தான் பழைய பேப்பர்க்காரனுக்குக் கிலோக் கணக்கில் நிறுத்துப் போட்டார்களாம். இரண்டாவது வீட்டில் ஒரு றங்குப்பெட்டி இருந்தது; திறந்தால் உள்ளே முழுக்கக் கறையான் புற்று. மூன்றாவது வீட்டார் வெளிநாட்டில், வீடு வாடகைக்கு. நாலாவது வீட்டில் அவருடைய சொந்தக் கட்டுரை வந்த பக்கங்கள் மட்டும் ஒரு கோவையில் இருந்தன. நான் சிரித்தேன், பிறகு என் கவிதை நினைவு வந்தது. மாணவி கோபப்படவில்லை, நன்றி சொல்லிவிட்டுத் தலைப்பை மாற்றிக்கொண்டார்.

அச்சிடுகிறவர்கள் அரசுக்குப் பிரதி கொடுக்கவேண்டும் என்று இந்த நாட்டில் பிரித்தானியர் காலத்துச் சட்டம் இருக்கிறது. ஆகவே நம் பத்திரிகையைப் பற்றி ஏதாவது தேடுகிறவர் கொழும்புச் சுவடிக்கூடத்துக்குத்தான் போகவேண்டும். உதயதேவியில் ஏறி ஒரு பகல் முழுக்கப் பயணம் செய்து, அறை எடுத்துத் தங்கி, அனுமதி வாங்கி, மட்டக்களப்பில் என்ன நடந்தது என்று வாசித்துவிட்டு, திரும்ப ஒரு பகல் முழுக்க ரயிலில் வரவேண்டும். ஊர்ப் பேப்பருக்குத் தரம் போதாது என்று சொன்ன எனக்கு இது சரியான தண்டனை. அந்தப் பிள்ளைக்குத்தான் அநியாயம்.

கல்லடிப் பாலத்தை 1924இல் திறந்தார்கள், மானிங் சீமாட்டியின் பெயர் வைத்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு ஓடக்காரர்கள் என்ன சொன்னார்கள்? பிழைப்புப் போயிற்று என்று யாராவது பெட்டிசம் எழுதினார்களா? இந்தக் கேள்விக்கு நம்மில் ஒருவரிடமும் பதிலில்லை. நூறு வருடத்துக்கு முன்னைய கதை, போகட்டும். ஆனால் 2001இல் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை இந்த நகரத்தில் அரிசி என்ன விலை, எந்த வீதியில் சோதனைச் சாவடி, எந்தக் கோயிலில் கூத்து என்று கேட்டாலும் அதே நிலைதான். நாமே உயிரோடு இருந்து பார்த்த காலம் அது.

அமெரிக்காவில் 2005க்குப் பிறகு மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட செய்தித்தாள்கள் மறைந்துவிட்டன என்று கணக்கெடுத்து வைத்திருக்கிறார்கள். போன பேப்பர்களுக்குக் கணக்காவது அவர்களிடம் இருக்கிறது. நம்மிடம் எத்தனை இருந்தன என்ற பட்டியலே முழுதாக இல்லை.

இப்போது கைத்தொலைபேசியில் செய்தி வருகிறது. வேகம், இலவசம், படம் வேறு. நம் ஊர்ப் பிள்ளைகள் உயிரைப் பணயம் வைத்து எழுதுகிறார்கள். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல்தரைப் பிரச்சினையைப் பண்ணையாளர்கள் 2023இல் வீதிக்குக் கொண்டுவந்தபோது நாளுக்கு நாள் அங்கே போய் நின்றவர்கள் இவர்கள்தான். நாம் ஒரு கைவிரலைத் தட்டி விருப்பம் போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகிறோம். காசு கட்டாவிட்டால் ஒருநாள் தளம் மூடப்படும். அன்றைக்கு அலுமாரியில் விரிக்கவும் ஒரு தாள் மிஞ்சாது. மாமாவின் கொப்பி இப்போது இல்லை, ஆனால் என் பெயருக்கு நேரே உள்ள கடன் அப்படியே கிடக்கிறது.

அந்தத் தாளை நான் நனைத்து ஒட்டவில்லை, பிளாஸ்ரிக் உறையில் மூடவுமில்லை. பழைய பேப்பரை அப்படிச் செய்தால் கெட்டுவிடும் என்றார்கள். இரண்டு வெள்ளைக் கடதாசிக்கு நடுவில் வைத்து, ஒரு மட்டையில் மடிக்காமல் வைத்திருக்கிறேன். இரு பக்கமும் படம் எடுத்தாயிற்று. 2005இலிருந்து ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்த்துவரும் நூலக நிறுவனத்துக்குக் கொடுக்க இருக்கிறேன். திகதி இல்லாத தாளை அவர்கள் எங்கே வைப்பார்கள் என்று தெரியவில்லை. அந்த மரண அறிவித்தலில் பெயர் அரைவாசி மிஞ்சியிருக்கிறது. குடும்பத்தாரைத் தேடிப் பிடித்தால் திகதியும் கிடைத்துவிடலாம். அதற்குத்தான் இப்போது ஊர் ஊராக விசாரித்துத் திரிகிறேன்.

உங்கள் வீட்டு அலுமாரிகளையும் ஒருதரம் பாருங்கள். அடித்தட்டு, சாமிப்படத்தின் பின்பக்கம், றங்குப்பெட்டி மூடியின் உட்புறம், பழைய பாடப்புத்தகத்துக்குப் போட்ட உறை. தினக்கதிர் என்றோ, தமிழ் அலை என்றோ, வார உரைகல் என்றோ, பெயர் தெரியாத ஏதாவது ஊர்ப் பேப்பர் என்றோ ஒரு தாள் கிடந்தால் இழுத்துக் கிழிக்காதீர்கள். அடியில் கத்தியை விட்டு மெதுவாக எடுங்கள். மேல்விளிம்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.